பாதி மலையில் நிற்கும் வித்தை

1907 ஆகஸ்ட், செப்டம்பரில் விடிவதற்கு முன் கிழக்கு வானில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. டேனியல் என்று பெயர். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் அந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்திருந்தார் ஜான் எவர்ஷெட். சூரியனைப் படமெடுக்க வந்தவர், சூரியன் எழுவதற்கு முன்பே எழுந்து, பட்டகம் பொருத்திய கேமராவை அந்த வாலின் பக்கம் திருப்பினார். வால்நட்சத்திரத் தலையின் நிறமாலை வானியலாளர்களுக்கு ஏற்கெனவே பழகியதுதான். வாலில் விழுந்த பட்டைகள்தான் புதியவை. ஐரோப்பாவிலும் சிலர் அவற்றைப் பதிவு செய்திருந்தார்கள். எந்தப் பொருளின் ஒளி அது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆல்ஃபிரட் ஃபௌலர் லண்டனில் கார்பன் மோனாக்சைடை மிகக் குறைந்த அழுத்தத்தில் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார். அதே பட்டைகள் கிடைத்தன. மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்குகிறவரைக் கொல்கிற அதே வாயு, எலெக்ட்ரான் ஒன்றை இழந்துவிட்டு, பல லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு வானில் ஒளிர்ந்திருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து ஹாலி வந்தது. அதன் நிறமாலையில் சயனோஜன் இருப்பதாகச் செய்தி பரவ, பூமி வாலுக்குள் நுழைந்தால் எல்லோரும் செத்துப்போவோம் என்று பல நாடுகளில் பீதி கிளம்பியது. யாரும் சாகவில்லை, வால் அவ்வளவு மெல்லியது. வால்நட்சத்திரம் வரை போகவும் வேண்டியதில்லை. கொடைக்கானல் ஆய்வகம் அன்றாடம் பார்க்கும் சூரிய ஒளியிலேயே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சின்ன மூலக்கூறு தன் கோடுகளைப் பதிக்கிறது; கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த இன்னொன்று ஊதா ஓரத்தில் பதிக்கிறது. ஐயாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில்கூட ஒற்றைக் கார்பன் தனக்கு ஒரு துணையைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த அத்தியாயம் அந்த ஒற்றைக் கார்பன் குடும்பத்தைப் பற்றியது. மீத்தேனில் கார்பனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். அதில் ஒரு ஆக்சிஜனை நுழைத்தால் மெத்தனால். அடுத்தடுத்து ஆக்சிஜனேற்றம் நடந்தால் ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடு இவற்றுக்குப் பக்கத்தில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் நிற்கிறது. வீட்டு ஒட்டுப்பலகையின் பசை, பெயின்ட், பாலியெஸ்டர், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், சீனாவில் இன்று நிலக்கரியிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக் எனப் பலவற்றின் வேர் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. உலகம் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் மெத்தனால் தயாரிக்கிறது.

இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுவது கடினம் என்று சொன்னால், வினை நடக்க வைப்பதுதான் கடினம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வேதியியல் பாடநூல்களும் வினையூக்கியை அப்படித்தான் அறிமுகம் செய்கின்றன: வினையின் வேகத்தைக் கூட்டும் பொருள். அந்த வரையறையில் தவறில்லை, ஆனால் முக்கியமான பாதி அதில் இல்லை. நூறு ஆண்டுகளாக இந்தத் துறையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது, வினையை வேண்டிய இடத்தில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி.

*

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது பெருமாள்மலை. அங்கிருந்து ஒரு சாலை பழனிக்கு இறங்குகிறது. ஒன்று ஊத்து வழியாக வத்தலக்குண்டுக்கு. அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இன்னொன்று. மூன்றும் இறக்கம்தான், மூன்றும் வேறு வேறு ஊர்.

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைப் பெருமாள்மலையில் நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கலவைக்குத் தொகுப்பு வாயு என்று பெயர். அது மெத்தனாலாக மாறினால் மோலுக்கு 91 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். மீத்தேனும் நீருமாக மாறினால் 206 கிலோஜூல். மெத்தனால் ஊத்து மாதிரி: பாதி இறக்கத்தில் இருக்கும் ஊர். மீத்தேன் அடிவாரத்து வத்தலக்குண்டு. இறக்கத்தில் உருளும் எதுவும் அடிவாரம்வரை போகவே பார்க்கும். ஊத்தில் இறங்கிக்கொள்ளத் தனி ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாப் பாதையும் இறக்கம் என்றாலும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முதலில் ஒரு மேடு வருகிறது. அதைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம். கார்பன் மோனாக்சைடில் கார்பனையும் ஆக்சிஜனையும் பிணைத்திருக்கும் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 1,072 கிலோஜூல் தேவை. இரண்டணு மூலக்கூறுகளில் இதைவிட வலுவான பிணைப்பைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் தொகுப்பு வாயு, எத்தனை இறக்கம் முன்னால் இருந்தாலும், நின்ற இடத்திலேயே நிற்கிறது. வினையூக்கி செய்வது, ஏதோ ஒரு சாலையின் மேட்டை மட்டும் குறைப்பது. ஊர்களின் உயரத்தை அது மாற்றுவதில்லை. எந்தச் சாலையின் மேட்டைக் குறைக்கிறது என்பதில்தான் உலோகத்துக்கு உலோகம் குணம் மாறுகிறது.

நிக்கல் பரப்பில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தால், கார்பனும் ஆக்சிஜனும் பிரிகின்றன. தனித்த கார்பனைச் சுற்றி ஹைட்ரஜன் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து மீத்தேன் ஆகிறது. 1902இல் பால் சபாத்தியேவும் சாந்தரானும் பிரான்ஸின் துலூஸ் நகரில் கண்டது இதுதான். சபாத்தியேவுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. இரும்பும் கோபால்ட்டும் பிணைப்பை உடைக்கின்றன, ஆனால் அவற்றின் மேல் கார்பன்கள் ஹைட்ரஜனுக்குக் காத்திராமல் ஒன்றோடொன்று சேர்ந்து சங்கிலியாகின்றன. 1920களில் ஃபிஷரும் டிராப்ஷும் ஜெர்மனியில் நிலக்கரியிலிருந்து டீசல் எடுத்த வழி அது. ரோடியம் இரண்டுக்கும் இடைப்பட்டது. சில கார்பன் மோனாக்சைடை உடைத்து, சிலவற்றை முழுசாக விட்டு, இரண்டையும் இணைத்து எத்தனால் வரை போகும். விலையைக் கேட்டால் ஆசை போய்விடும்.

செம்போ அந்தப் பிணைப்பை உடைக்காமல் விட்டுவிடுகிறது. கார்பன் மோனாக்சைடை அது அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. ஆக்சிஜனைக் கார்பனோடு விட்டுவைத்து ஹைட்ரஜனை மட்டும் சேர்க்கிறது. ஆக்சிஜன் தங்கியதால்தான் அது மெத்தனால். ஒரு காரியத்தைச் செய்ய முடியாத பலவீனம் இங்கே பெரிய தகுதி ஆகிவிட்டது. சபாத்தியே அன்றே சொன்ன விதி இதற்குப் பொருந்துகிறது: வினையூக்கி மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், விட்டுவிடவும் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பரப்பு அடைத்துப்போகும். தளர்வாகப் பிடித்தால் எதுவும் நடக்காது.

ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1923இல் லாய்னாவில் முதல் பெரிய மெத்தனால் ஆலையைத் தொடங்கியபோது செம்பைப் பயன்படுத்தவில்லை. துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கி. 300 டிகிரிக்கு மேல் வெப்பம். 250 முதல் 350 வளிமண்டல அழுத்தம். அத்தனை அழுத்தம் ஏன்? மூன்று வாயு மூலக்கூறுகள் சேர்ந்து ஒன்றாகும் வினை இது. வெப்பம் கூடக்கூட ஒன்று மறுபடி மூன்றாகப் பிரியப் பார்க்கும். பிரியாமல் தடுக்க அழுத்த வேண்டும். குளிர்ந்த நிலையில் வேலை செய்யும் வினையூக்கி கையில் இருந்தால் இந்த அழுத்தம் வேண்டியதில்லை. செம்பு அப்படிப்பட்டது என்பது அன்றைக்கே தெரியும். ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் கந்தகம் இருந்தது, கந்தகம் செம்பைச் சீக்கிரமே கொன்றுவிடும். வாயுவைக் கந்தகம் இல்லாமல் துடைக்கக் கற்ற பிறகு, 1966இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் சேர்ந்த வினையூக்கியோடு வந்தது. 250 டிகிரிக்குப் பக்கத்தில், 50 முதல் 100 வளிமண்டல அழுத்தத்தில் வேலை முடிந்தது. இன்றைய ஆலைகளும் இதன் பிள்ளைகள்தான். விளைவதில் 99 சதவீதத்துக்கு மேல் மெத்தனால். அடிவாரம் அத்தனை ஆழத்தில் கிடந்தும் நூற்றில் ஒரு மூலக்கூறுகூடத் தவறி அங்கே போவதில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வினையூக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு உருளை, மாத்திரை அளவு. விரலில் கறை ஒட்டும். ஆலைக்கு வரும்போது அதில் இருப்பது செம்பு ஆக்சைடுதான். உலையில் கொட்டி, நைட்ரஜனில் ஒரு சதவீதம் போல ஹைட்ரஜன் கலந்து, மெதுவாகச் சூடேற்றி அதை உலோகச் செம்பாக்குகிறார்கள். அவசரப்பட்டு ஹைட்ரஜனைக் கூட்டினால் உள்ளே வெப்பம் எகிறி, பத்து நானோமீட்டர் அளவில் இருக்கும் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பரப்பு போய்விட்டால் வினையூக்கியும் போயிற்று. வேலைக்குத் தயாரான உருளையைக் காற்றில் எடுத்தால் தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு ஆண்டு உழைக்கும்.

பகை வேறு உருவத்திலும் வரும். கார்பன் மோனாக்சைடு எஃகுக் குழாய் வழியாகப் போகும்போது இரும்பை அரித்து, இரும்பு கார்பனைல் என்ற ஆவியாக்கிக் கூட்டிவரும். அது செம்பின் மேல் படிந்தால் அங்கே இரும்பின் குணம் தலைகாட்டுகிறது. மெத்தனாலோடு மெழுகும் வரத் தொடங்கும். சாலை மாறிவிட்டது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இத்தனை ஆண்டு ஓடும் வினையூக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் இருந்தார்கள்: கார்பன் மோனாக்சைடு ஹைட்ரஜனை வாங்கி மெத்தனால் ஆகிறது. வாயுவில் சிறிது கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் வேலை வேகமாக நடப்பதை ஆலைக்காரர்கள் கவனித்திருந்தார்கள், ஏதோ துணைக்கு நிற்கிறது என்று விட்டுவிட்டார்கள். 1970களில் சோவியத் ஆய்வாளர்களும் 1980களில் ஐசிஐ ஆய்வாளர்களும் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட வாயுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். மெத்தனாலில் வந்து சேர்ந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது! கார்பன் மோனாக்சைடின் வேலை, பரப்பில் சேரும் ஆக்சிஜனைத் துடைத்து மீண்டும் கார்பன் டை ஆக்சைடாக மாறுவது. துத்தநாகத்தின் பங்கு பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. செம்புப் பரப்பில் இருக்கும் படிவரிசைகளில் துத்தநாக அணுக்கள் ஏறிக்கொண்டு இடைப்பொருளைத் தாங்கிப்பிடிக்கின்றன என்று 2012இல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இல்லை, துத்தநாக ஆக்சைடும் செம்பும் சந்திக்கும் எல்லைதான் முக்கியம் என்கிறது வேறொரு அணி. உலை ஓடும்போது பரப்பு மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு பேரும் சரியாக இருக்கவும் இடமுண்டு.

*

மெத்தனால் என்ற சொல் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்தது வேதியியல் வகுப்பு வழியாக அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம். உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது.

அதுவும் வினையூக்கியின் கதைதான், அதனால் இங்கே சொல்கிறேன். மெத்தனால் தானாக அவ்வளவு கொடிய நஞ்சு அல்ல. நம் கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்றால் உயிருள்ள உடம்பின் வினையூக்கி. அது மெத்தனாலைப் பிடித்து ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. அடுத்த நொதி அதைக் கையோடு ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. அதற்கும் அடுத்த படி, கார்பன் டை ஆக்சைடாக்கி மூச்சில் வெளியேற்றுவது, மனித உடம்பில் மிக மெதுவாக நடக்கிறது. ஃபார்மிக் அமிலம் தேங்குகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தை அது அடைக்கிறது. அதிக ஆற்றல் கேட்கும் கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. நிற்கக்கூடாத இடத்தில் நின்றுபோன வினை இது. மருத்துவமனையில் தரும் முறிமருந்துகளில் ஒன்று எத்தனால். அதே நொதி எத்தனாலைத்தான் பல மடங்கு விரும்பிப் பிடிக்கும். நொதி அதில் மும்முரமாக இருக்கும் நேரத்துக்குள் மெத்தனாலை டயாலிசிஸ் செய்து வெளியே எடுத்துவிடலாம். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே அடைத்துவிடுகிறது.

இந்தக் குடும்பத்தில் மிகவும் அடங்காதது மீத்தேன். அதன் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். பறித்து ஆக்சிஜனைச் செருகி மெத்தனால் ஆக்கிவிட்டோம் என்றால், மெத்தனாலில் கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜனைப் பறிக்க 402 போதும். மீத்தேனை அசைக்கும் அளவுக்குச் சூடேற்றிய உலையில் மெத்தனால் பிழைப்பது எப்படி? பிறந்த உடனே எரிந்துவிடுகிறது. மீத்தேனை நேராக மெத்தனால் ஆக்கும் முறை பெரிய ஆலைகளில் வேரூன்றாததற்கு முக்கியக் காரணம் அந்த 37 கிலோஜூல்தான்.

பழனி மலையின் அடிவாரத்து நெல்வயல்களில் இந்த வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. தண்ணீர் நிற்கும் வயலின் சேற்றில் ஆக்சிஜன் இல்லை, அதனால் அங்கே மீத்தேன் உற்பத்தியாகிறது. நெல்லின் தண்டு உள்ளே பொந்தாக இருப்பதால் காற்று வேர் வரை இறங்கிக் கொஞ்சம் கசியும். வேரை ஒட்டிய மெல்லிய அந்தப் படலத்தில் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் இந்திய நெல்வயல்களிலிருந்து இவற்றில் பலவற்றைப் பிரித்து வளர்த்திருக்கிறது. ஒன்றுக்கு மெத்திலோகுகுமிஸ் ஒரைசே என்று பெயரிட்டது. ஒரைசே என்றால் நெல்லுக்குரியது, குகுமிஸ் வெள்ளரியைக் குறிக்கும். நுண்ணோக்கியில் நீண்டு பருத்துத் தெரிவதற்கு நல்ல பெயர். இவற்றின் நொதி, செம்பையோ இரண்டு இரும்பு அணுக்களையோ வைத்துக்கொண்டு, வயலின் வெயில் சூட்டிலேயே மீத்தேனை மெத்தனால் ஆக்குகிறது. ஆன மெத்தனாலை அந்தக் குழிக்குள் தங்கவிடாமல் அடுத்த நொதிக்கு அனுப்பிவிடுகிறது. விலையும் தருகிறது: ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பாக்டீரியா தன் சேமிப்பிலிருந்து இரண்டு எலெக்ட்ரான் செலவழிக்க வேண்டும். தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளை இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

மனிதர் செய்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது 1998இல் ராய் பெரியானாவின் குழு வெளியிட்டது. பிளாட்டினம் சேர்மம் ஒன்றை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து மீத்தேனை அனுப்பினார்கள். உருவாகும் மெத்தனால் அமிலத்தோடு சேர்ந்து எஸ்டர் ஆகிறது. எஸ்டரில் கார்பனைச் சுற்றி எலெக்ட்ரான் குறைவு, ஆகவே பிளாட்டினம் அதை மறுபடி தாக்கத் தயங்குகிறது. 70 சதவீதத்துக்கு மேல் விளைச்சல். பிறகு அமிலத்திலிருந்து மெத்தனாலைப் பிரிக்கும் செலவில் எல்லாம் போயிற்று. வேதியியலில் வென்று வடிகட்டலில் தோற்ற முறைகளுக்குத் தனியாக ஒரு நூலே எழுதலாம்.

*

எனவே தொழிற்சாலைகள் சுற்றுவழியில் போகின்றன. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை 1975இல் உற்பத்தி தொடங்கியது. நாஃப்தாவை நீராவியோடு நிக்கல் வினையூக்கி மேல் 800 டிகிரிக்குச் சூடேற்றி, இருக்கிறதை எல்லாம் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் உடைத்துவந்தது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 2021இல் குழாய் வந்த பிறகு நாஃப்தாவின் இடத்தை இயற்கை எரிவாயு பிடித்தது. மெத்தனால் செய்யும்போது எதிரியாக இருந்த நிக்கலின் குணம், கையில் கிடைத்ததை எல்லாம் உடைப்பது, இங்கே தேவைப்படுகிறது. முதலில் மலை உச்சிக்கே ஏற்றிவிட்டு, அங்கிருந்து வேண்டிய சாலையில் இறக்குவது. ஏற்றும் செலவு: ஒரு மோல் மீத்தேனுக்கு 206 கிலோஜூல். மேலே சொன்ன அதே எண்தான், திசை மட்டும் எதிர்.

ஸ்பிக் அந்த ஹைட்ரஜனை அம்மோனியா ஆக்கி, மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடை அம்மோனியாவோடு சேர்த்து யூரியா ஆக்குகிறது. உலகில் கார்பன் டை ஆக்சைடை அதிகம் பயன்படுத்தும் தொழில் யூரியாதான். பக்கத்திலேயே தூத்துக்குடி அல்கலி ஆலை. 2016 முதல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சலவைச் சோடா செய்ய அங்கே ஏற்பாடு செய்தார்கள். அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. இந்த இரண்டும் கார்பன் டை ஆக்சைடின் கார்பனில் ஹைட்ரஜன் ஏறாமல், அது இன்னொன்றோடு சேரும் வினைகள்; ஆற்றல் கணக்கில் இறக்கம். வினையூக்கி தேவையில்லை. பத்திரிகைகள் இவற்றையும் எரிபொருள் தயாரிப்பையும் ஒரே தட்டில் வைத்து எழுதுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எரிபொருள் வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடை மலை ஏற்ற வேண்டும். ஏற்றும் ஆள் ஹைட்ரஜன். ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு; இரண்டு மெத்தனாலில் சேர, ஒன்று ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு நீராகப் போய்விடும். எப்படிப்பட்ட வினையூக்கி வந்தாலும் அந்த மூன்றில் ஒன்றை மிச்சம் பிடிக்க முடியாது. ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நீரை மின்னால் பிளந்து அதை எடுக்கக் கிட்டத்தட்ட 10,000 யூனிட் மின்சாரம். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று அரசு தரும் இலவச மின்சாரத்தை 16 ஆண்டுக்கு மேல் சேர்த்தால் வரும் அளவு. அந்த டன்னை எரித்தால் திரும்பக் கிடைக்கும் வெப்பம் 5,500 யூனிட்டுக்குச் சமம்.

ஆகவே மின்சாரம் மலிவாக, சும்மா கிடக்கும் இடத்தில்தான் இது நடக்கும். ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்சாரத்தை வைத்து 2012இல் தொடங்கிய ஆலை பிறகு ஆண்டுக்கு 4,000 டன் அளவுக்கு வளர்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் புகைக் கார்பன் டை ஆக்சைடிலிருந்து நாளுக்கு 10 டன் மெத்தனால் எடுக்கும் அமைப்பை என்டிபிசி 2024 நவம்பரில் தொடங்கியது. பழனி மலையின் வடக்கே தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலைகள் இருக்கின்றன. தெற்கே ஆண்டிபட்டிப் பக்கமும் இருக்கின்றன. ஆனால் காற்று நிற்கும், உலை நிற்கக்கூடாது. நின்று நின்று ஓடினால் அந்தச் செம்புத் துகள்கள் நீராவியில் நனைந்து சீக்கிரம் பெருக்கும். ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வினையூக்கி வேண்டும் என்பது இந்தத் தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கிடைத்த புதுக் கணக்கு.

முன்பு வினையூக்கி தேடுவது என்றால் ஆயிரம் கலவைகளைச் செய்து பார்ப்பதுதான். 1990களின் நடுவில் டென்மார்க்கில் ஹாமரும் நோர்ஸ்கோவும் ஒரு உலோகத்தின் எலெக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் மட்டத்தை வைத்து அது மூலக்கூறை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று கணக்கிட வழி சொன்னார்கள். சபாத்தியேவின் விதிக்கு எண் கிடைத்தது. அந்த வழியில் கணினியில் அலசி, நிக்கலும் காலியமும் ஐந்துக்கு மூன்று விகிதத்தில் கலந்தால் செம்பை நெருங்கும் என்று 2014இல் ஒரு குழு கண்டது. செய்து பார்த்தபோது வளிமண்டல அழுத்தத்திலேயே மெத்தனால் வந்தது. எதையும் உடைக்கும் நிக்கலைக் காலியம் அடக்கிவைத்திருக்கிறது. ஆனால் காலியம் இல்லாத நிக்கல் மூலை எங்காவது மிஞ்சினால் அங்கே வேண்டாத வாயுக்கள் கிளம்பும். கணினி பார்ப்பது தட்டையான, சுத்தமான படிகத்தை. உலையில் இருப்பதோ அந்தக் கறுப்பு மாத்திரை. சென்னை ஐஐடியில் 2006இல் தேசிய வினையூக்க ஆய்வு மையம் தொடங்கப்பட்டதும், காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதும் நமக்கு வாய்ப்பு. இந்த இடைவெளியை நிரப்பும் வேலை பல ஆண்டு பிடிக்கும்.

*

மலைக்கு மேலே வேறொரு கார்பன் குவிந்து கிடக்கிறது. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டவற்றில் முக்கியமானது வாட்டில். தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட ஆஸ்திரேலிய மரம், இன்று வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. இதை வெட்டி வாயுவாக்கி மெத்தனால் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு.

முடியும். மரத்தைக் குறைந்த காற்றில் சூடேற்றினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆளுக்குச் சுமார் 20 சதவீதம் வரும், பாதி நைட்ரஜன். இயந்திரம் ஓட்ட அது போதும்: கோவை பக்கம் சுல்தான்பேட்டையில் பெங்களூரு ஐஐஎஸ்சி வடிவமைத்த வாயுவாக்கியில் தேங்காய் ஓட்டைப் போட்டு ஒரு மெகாவாட் அளவில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். மெத்தனாலுக்கு அந்த நைட்ரஜன் ஆகாது, தூய ஆக்சிஜன் வேண்டும். தார் படிந்தால் நிக்கல் வினையூக்கியைக் கரி மூடிவிடும். எல்லாம் நன்றாக நடந்தால் இரண்டு டன் உலர் மரத்துக்கு ஒரு டன் மெத்தனால். காற்றாலை ஹைட்ரஜனையும் சேர்த்தால் அந்த விளைச்சலைக் கிட்டத்தட்ட இரட்டிக்கலாம், ஏனென்றால் மரத்தில் கார்பன் மிகுதி, ஹைட்ரஜன் குறைவு.

என் தயக்கம் வேறு. ஆலை ஒன்று கட்டினால் அது 20 ஆண்டு ஓடியாக வேண்டும். 20 ஆண்டும் அதற்கு வாட்டில் வேண்டும். புல்வெளி திரும்ப வேண்டுமானால் வாட்டில் தீர வேண்டும். இரண்டு விருப்பமும் ஒரே மலையில் இருக்க முடியாது. எனவே ஆலையை மலையில் கட்டாமல் கீழே பழனிக்கும் உடுமலைக்கும் நடுவில் வைத்து, மரம் தீர்ந்ததும் தென்னை மட்டைக்கும் ஓட்டுக்கும் மாறும்படி முதல் நாளிலேயே வடிவமைக்க வேண்டும். தென்னைக் கழிவின் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். டீசல் எடுக்கும் இரும்பு வினையூக்கிக்குப் பொட்டாசியத்தை வேண்டுமென்றே சேர்ப்பார்கள், சங்கிலி நீளட்டும் என்று. மெத்தனால் செய்யும் செம்பின் மேல் அது படிந்தால், மெத்தனாலோடு நிற்காமல் இரண்டு, மூன்று, நான்கு கார்பன் ஆல்கஹால்கள் உருவாகத் தொடங்கும். அதனால் வாயுவை நீரில் கழுவி, கந்தகத்துக்குத் துத்தநாக ஆக்சைடு படுகை வைத்து, அதன் பிறகே செம்பைத் தொடவிட வேண்டும். ஆலையின் செலவில் பெரும்பகுதி அந்தத் துடைக்கும் வேலைக்குத்தான் போகும்.